‘ப்ளீஸ் ஃபைண்ட் அட்டாச்ட்’: ஒரு கடிதத் தொடரின் இலக்கணமும் பொறுப்பும்

1. கேள்வி

கடிதத்தோடு வேறொரு தாளோ கோப்போ போகிறது. அதைப் பெறுபவருக்குத் தெரிவிக்க வேண்டும். ஆங்கிலத்தில் அலுவல் கடிதம் எழுதும் எவருக்கும் இந்தத் தேவை வரும். வேலைக்கு விண்ணப்பிக்கும் பட்டதாரி, ஒப்பந்தப்புள்ளி அனுப்பும் நிறுவனம், மாணவரின் ஆய்வேட்டைப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பும் நெறியாளர் என எல்லோர் கையிலும் அப்போது தானாக வந்து விழும் தொடர் ‘ப்ளீஸ் ஃபைண்ட் அட்டாச்ட்’. இந்திய நிறுவனங்களின் மின்னஞ்சல்களில் அது ‘பி.எஃப்.ஏ.’ என்று மூன்றெழுத்தாகச் சுருங்கியும் வழங்குகிறது.

இத்தொடரைப் பற்றி மூன்று கருத்துகள் உலவுகின்றன. இது இலக்கணப் பிழை என்பது முதலாவது. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர் இப்படி எழுதமாட்டார், இது இந்தியக் குமாஸ்தாக்கள் செய்துகொண்டது என்பது இரண்டாவது. அலுவல் கடிதத்துக்கு இதுவே மரியாதையான வடிவம், வேறு எப்படி எழுதினாலும் மட்டு என்பது மூன்றாவது. வகுப்பறையிலும் அலுவலகத்திலும் இம்மூன்றும் மாறி மாறிப் போதிக்கப்படுவதால், புதிதாக எழுத வருகிறவர்கள் அச்சத்தோடுதான் இந்த வரியை எழுதுகிறார்கள்.

மூன்றையும் சான்றுகளோடு நிறுத்துப் பார்ப்பது இக்கட்டுரையின் நோக்கம். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தொடர் இலக்கணப்படி சரியானது, இந்தியாவில் பிறந்ததன்று, மரியாதைக்கு இன்றியமையாததும் அன்று. இதில் உண்மையான குறை வேறிடத்தில் இருக்கிறது. எதை இணைத்தோம், எத்தனை இணைத்தோம், பெறுபவர் அதை வைத்து என்ன செய்ய வேண்டும் என்று சொல்லும் கடமையை எழுதுபவர் இந்த வாய்பாட்டின் தலையில் கட்டிவிட்டு ஒதுங்கிக்கொள்கிறார்.

2. தொடர் எங்கிருந்து வந்தது

கடிதத்தோடு பிற தாள்களை அனுப்புவதும், அனுப்பியதை வாய்பாடாகக் குறிப்பதும் ஆங்கில வணிகர்களிடையே நெடுநாள் வழக்கம். 18ஆம் நூற்றாண்டு வணிகக் கடிதங்களில் ‘உள்ளே இன்னது உங்களுக்கு இருக்கிறது’ என்ற பொருள் தரும் ‘இன்க்ளோஸ்ட் யூ ஹாவ்’ போன்ற வடிவங்கள் வரும். ‘உள்ளே இன்னதைக் காண்பீர்கள்’ என்று தகவல் சொல்லும் ‘யூ வில் ஃபைண்ட் என்க்ளோஸ்ட்’ இன்னொரு வடிவம். அதில் ‘ப்ளீஸ்’ சேர்ந்து, செய்தி வாக்கியம் வேண்டுகோள் வாக்கியத்தின் தோற்றத்தைப் பெற்றது. ‘என்க்ளோஸ்ட் ப்ளீஸ் ஃபைண்ட்’ என்பதே 19ஆம் நூற்றாண்டில் பெருவழக்கு. மின்னஞ்சல் காலத்தில் ‘என்க்ளோஸ்ட்’ இருந்த இடத்தில் ‘அட்டாச்ட்’ வந்து அமர்ந்தது.

இவ்வாய்பாடு பரவியதில் அஞ்சல் கட்டணத்துக்கும் பங்கு உண்டு என்று கருத இடமிருக்கிறது. பிரிட்டனில் 1840க்கு முன் அஞ்சல் கட்டணம் தூரத்தையும் தாள்களின் எண்ணிக்கையையும் பொறுத்து அமைந்தது. கடிதத்துக்குள் இன்னொரு தாள் வைத்தால் அது இரட்டைக் கடிதம்; கட்டணமும் இரட்டிப்பு. உறையே ஒரு தாளாக எண்ணப்பட்டதால் பலர் கடிதத்தையே மடித்து முகவரி எழுதி அனுப்பினார்கள். ரோலண்ட் ஹில் முன்மொழிந்த ஒரே சீரான பென்னி அஞ்சல் 1840 ஜனவரி 10இல் நடைமுறைக்கு வந்தபோது கட்டணம் எடைக்கு மாறியது: அரை அவுன்சு வரை ஒரு பென்னி. இந்தியாவிலும் 1854இல் தூரக் கணக்கு நீங்கி, எடையை மட்டும் பொறுத்த கட்டணம் வந்தது. விலைப்பட்டியலையோ ரசீதையோ கடிதத்துக்குள் வைத்து அனுப்புவது அன்றாடச் செயலானது. அன்றாடச் செயலுக்கு ஓர் அன்றாடத் தொடர் தேவைப்பட்டது.

இந்தியாவோடு, குறிப்பாகச் சென்னையோடு, இதற்குள்ள தொடர்பு உண்மையானது; ஆனால் பலரும் நினைக்கிற விதத்தில் அன்று. கிழக்கிந்தியக் கம்பெனி கடிதங்களாலேயே ஆண்ட அமைப்பு. ஜார்ஜ் கோட்டையிலிருந்து லண்டனுக்குப் போன பொதுக் கடிதங்களில் பத்திகளுக்கு எண் இடப்பட்டது. கடிதக் கட்டில் உள்ள கணக்குகள், ஆலோசனைப் பதிவேடுகள், நகல்கள் எல்லாவற்றுக்கும் பட்டியல் தயாரிக்கப்பட்டது. கப்பல் மூழ்கக்கூடும் என்பதால் ஒரே கடிதத்தின் படிகள் வெவ்வேறு கப்பல்களில் ஏறின. கம்பெனியின் எழுத்துப் பழக்கங்களை மைல்ஸ் ஆக்பார்ன் ‘இண்டியன் இங்க்’ (2007) நூலிலும், தென்னிந்தியாவில் கச்சேரிகள் எனப்பட்ட அரசு அலுவலகங்களின் எழுத்தர் உலகைப் பவானி ராமன் ‘டாக்குமென்ட் ராஜ்’ (2012) நூலிலும் விரிவாக ஆராய்ந்திருக்கிறார்கள். இவ்வாய்வுகளைப் படிக்கும்போது ஒன்று புலப்படுகிறது. இங்குள்ள அலுவலகங்கள் கற்றுக்கொண்டது வெறும் ஆங்கிலச் சொற்களை அன்று. தாளை எண்ணி, பெயரிட்டு, பட்டியலிட்டு ஒப்படைக்கும் ஒழுங்கையும் சேர்த்தே கற்றன. சொற்கள் நிலைத்தன, ஒழுங்கு பல இடங்களில் தளர்ந்துவிட்டது.

‘குமாஸ்தா ஆங்கிலம்’ என்ற கருத்துக்கு வலுவான மறுப்பு அமெரிக்காவிலிருந்தே கிடைக்கிறது. அமெரிக்க மொழித் திறனாய்வாளர் ரிச்சர்ட் கிராண்ட் ஒயிட் 1880இல் இத்தொடரைக் கடுமையாகக் கண்டித்திருக்கிறார். தம் நாட்டு வணிகர்கள் எழுதாத ஒன்றைக் கண்டித்து அவர் மை செலவழித்திருக்க மாட்டார். இன்றும் லண்டனிலும் நியூயார்க்கிலும் இத்தொடர் புழக்கத்தில் இருக்கிறது. இதன்மேல் ‘கைண்ட்லி’யும் ‘ஹியர்வித்’தும் ஏற்றி எழுதுவதிலும், ‘பி.எஃப்.ஏ.’ என்று சுருக்குவதிலும் இந்திய அலுவலகங்களுக்குத் தனி விருப்பம் உண்டு. தொடரைப் பிறப்பித்த பழி மட்டும் அவற்றுக்கு உரியதன்று.

3. கண்டித்தவர்கள் சொன்னது என்ன

ஒயிட்டுக்குப் பின் வந்தவர்களில் ஷெர்வின் கோடியின் வாதம் கவனிக்கத்தக்கது. வணிகக் கடிதம் எழுதக் கற்பிக்கும் தம் கையேட்டில், 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே, அவர் இரண்டு குறைகளைக் காட்டினார். ‘என்க்ளோஸ்ட்’, ‘ஹியர்வித்’ இரண்டும் ஒரே செய்தியைச் சொல்வதால் கூறியது கூறல் என்பது ஒன்று. காசோலை எங்கே இருக்கிறது என்று இருமுறை சொல்லிவிட்டு அதைத் தேடிக் கண்டுபிடிக்கும்படி வேண்டுவது பொருந்தாது என்பது மற்றொன்று. இத்தனை டாலருக்கான காசோலையை உள்ளே வைக்கிறோம் என்று நேராக எழுதச் சொன்னார் அவர். அமெரிக்க ஆங்கில வழக்குகளை அகராதியாகத் தொகுத்த பிரயன் கார்னர், இப்படி ஒரு நூற்றாண்டுக்கு மேலாக வந்த கண்டனங்களை வரிசைப்படுத்தி, தாமும் அவற்றின் பக்கமே நிற்கிறார்.

பிரிட்டனில் எர்னஸ்ட் கவர்ஸ் அரசு அலுவலர்களுக்காக, கருவூலத் துறையின் அழைப்பின்பேரில், ‘ப்ளெய்ன் வேர்ட்ஸ்’ என்ற நூலை 1948இல் எழுதினார். ஒரு தொடரோடு அவர் நிற்கவில்லை. அலுவலக வாய்பாடுகளின் மனநிலையையே எதிர்த்தார். எழுதுபவர் மனத்தில் உள்ளதைப் படிப்பவர் பிசகின்றி உணர வேண்டும், அலுவல் எழுத்தின் வெற்றி அதில்தான் என்பது அவர் கொள்கை.

இக்கண்டனங்களை அப்படியே ஏற்க வேண்டுமா? கூறியது கூறல் என்ற குற்றச்சாட்டு முழுக்கச் சரி. ‘அட்டாச்ட் ஹியர்வித்’ என்பதில் பின்சொல் எந்தப் பொருளையும் கூட்டவில்லை. தேடச் சொல்கிறது என்ற குற்றச்சாட்டு அவ்வளவு வலுவானதன்று. வடிவத்தில் ஏவலாக இருந்து பயனில் தகவலாக இருக்கும் வாக்கியங்கள் எல்லா மொழிகளிலும் உண்டு. தமிழ் நூல்களில் ‘பின்னிணைப்பு காண்க’ என்று எழுதுகிறோம். வடிவத்தில் அது வியங்கோள். ஆனால் யாரும் அதைக் கட்டளையாகவோ கெஞ்சலாகவோ படிப்பதில்லை. இன்ன இடத்தில் இன்னது இருக்கிறது என்ற தகவலாகவே படிக்கிறார்கள். ஆங்கிலத்தில் ‘ப்ளீஸ் ஃபைண்ட்’ செய்வதும் இதே வேலை. அதைச் சொல்லுக்குச் சொல் பிரித்து அபத்தம் என்பது, வழக்கை விட்டு அகராதியை மட்டும் பிடித்துக்கொள்வதாகும்.

ஆனால் கோடியின் கண்டனத்தில் மறுக்க முடியாத உள்ளீடு ஒன்று இருக்கிறது. அவர் முன்வைத்த மாற்று வாக்கியத்தில் தொகை இருக்கிறது. எத்தனை டாலர் என்று சொல்லும் வாக்கியம் தானாகவே நேர்மையான வாக்கியமாகிறது. வாய்பாட்டை நீக்குவதைவிட விவரத்தைச் சேர்ப்பதே அவர் தந்த பாடத்தின் சாரம்.

4. இலக்கணம்: எது சரி, எது பிழை

ஆங்கில வினை ‘ஃபைண்ட்’ ஒரு செயப்படுபொருளையும், அப்பொருளின் நிலையைச் சொல்லும் நிரப்பியையும் ஏற்கும். ‘கதவைத் திறந்த நிலையில் கண்டேன்’ என்ற பொருளில் ‘ஐ ஃபவுண்ட் தி டோர் ஓப்பன்’ என்று வருவது இதே அமைப்பு. எனவே ‘ப்ளீஸ் ஃபைண்ட் தி ரிப்போர்ட் அட்டாச்ட்’ என்பது இயல்பான வரிசை. செயப்படுபொருள் நீண்டு கனக்கும்போது ஆங்கிலம் அதை வாக்கியத்தின் கடைசிக்குத் தள்ளும். நிரப்பி முன்னே வரும். 2023–24ஆம் ஆண்டுக்கான தணிக்கை அறிக்கையும் மூன்று ரசீதுகளின் நகல்களும் என்று நீளும் பெயர்த்தொடரை நடுவில் வைத்தால், ‘அட்டாச்ட்’ எங்கோ வாலில் தனித்து நிற்கும். ஆகவே ‘ப்ளீஸ் ஃபைண்ட் அட்டாச்ட்’ என்று தொடங்கிப் பொருளைப் பின்னால் வைப்பது இலக்கணத்தின் வழிவந்த மாற்றமே. பிழை என்போர் இந்த இடமாற்றத்தைக் கவனிப்பதில்லை.

மூன்றாவது வடிவம் ‘ப்ளீஸ் ஃபைண்ட் தி அட்டாச்ட் ரிப்போர்ட்’. இதுவும் இலக்கணத்துக்கு உட்பட்டதே. ஆனால் இங்கே ‘அட்டாச்ட்’ நிரப்பியாக இல்லை, பெயருக்கு அடையாகிவிட்டது. ‘இணைக்கப்பட்ட அறிக்கையைக் கண்டறியுங்கள்’ என்ற நேர்ப்பொருள் இதில் தலைதூக்குகிறது. தேடச் சொல்கிறது என்ற குற்றச்சாட்டு உண்மையில் பொருந்துவது இவ்வடிவத்துக்குத்தான். அடையாக வைப்பதானால் ‘ஃபைண்ட்’ என்பதை விடுத்து ‘சீ’ என்ற வினையைப் பயன்படுத்துவது தெளிவு: ‘ப்ளீஸ் சீ தி அட்டாச்ட் ரிப்போர்ட்’.

உண்மையான பிழைகள் வேறு. அவற்றில் ஐந்து நம் எழுத்தில் அடிக்கடி வருகின்றன.

முதலாவது, ‘ப்ளீஸ் ஃபைண்ட் அட்டாச்’ என்று ஈற்றெழுத்தை விட்டுவிடுவது. ‘அட்டாச்ட்’ என்பதன் ஈற்றில் இரண்டு மெய்கள் நெருங்கி நிற்பதால் நம் பேச்சில் பின்னது மங்கிவிடுகிறது. காதில் விழாதது கையிலும் விழாமல் போகிறது. இறந்தகாலப் பெயரெச்ச வடிவம் இல்லாமல் இவ்வாக்கியம் நிற்காது.

இரண்டாவது, ‘ப்ளீஸ் ஃபைண்ட் தி அட்டாச்ட்’ என்று அடையோடு நிறுத்திவிடுவது. பெயர்ச்சொல் இல்லாத இடத்தில் வாக்கியம் அந்தரத்தில் நிற்கிறது. எது இணைக்கப்பட்டது என்ற ஒரே முக்கியச் செய்தியும் காணாமல் போகிறது.

மூன்றாவது, வேற்றுமை உறவு. ஆங்கிலத்தில் ஒரு பொருளை இன்னொன்று‘க்கு’ இணைப்பார்கள். ‘அட்டாச்ட் டு’ என்பதே மரபு. தமிழில் கடிதத்‘தோடு’ இணைப்பதால் ‘அட்டாச்ட் வித்’ என்ற வடிவம் கைக்கு வந்துவிடுகிறது. ‘என்க்ளோஸ்ட்’ என்ற சொல்லுக்கு ‘வித்’ பொருந்தும். ‘அட்டாச்ட்’ என்பதற்கு ‘டு’ வேண்டும்.

நான்காவது, எண் இயைபு. ‘அட்டாச்ட் இஸ்’ என்று வாக்கியம் தொடங்கினால் எழுவாய் பின்னால் வருகிறது. அங்கே இரண்டு ஆவணங்கள் இருந்தால் ‘அட்டாச்ட் ஆர்’ என்றுதான் எழுத வேண்டும். எழுவாய் எதுவென்று முடிவு செய்யுமுன் வினை முந்திக்கொள்வதால் நேரும் பிழை இது.

ஐந்தாவது, ‘ஹியர்வித்’, ‘அலாங் வித் திஸ் மெயில்’, ‘கைண்ட்லி’, ‘ப்ளீஸ்’ எல்லாவற்றையும் ஒரே வாக்கியத்தில் அடுக்குவது. இது இலக்கணத்தில் அன்று, நடையில் நேரும் பிழை. ‘கைண்ட்லி’யும் ‘ப்ளீஸ்’ஸும் ஒரே வேண்டுதலை இருமுறை செய்கின்றன. மரியாதையை இரட்டிப்பாக்கும் முயற்சி வாக்கியத்தைத் தளர்த்துகிறது.

நேரடியான வடிவங்கள் எப்போதும் கைவசம் உள்ளன: ‘ஐ ஹாவ் அட்டாச்ட்’, ‘ஐ ஆம் அட்டாச்சிங்’, ‘ஹியர் இஸ்’. இவை மரியாதைக் குறைவானவை என்ற எண்ணத்துக்கு ஆங்கில வழக்கில் ஆதாரம் கிடையாது. தன்மை வினையில் எழுதுவது இணைத்தவர் யார் என்பதைத் தெளிவாக்கும், பொறுப்பை ஏற்கும்.

5. உள்ளே வைத்ததும் சேர்த்துக் கட்டியதும்

சரியான சொல் எது என்பதை அந்தப் பொருள் கடிதத்தோடு எப்படிப் போகிறது என்பதே தீர்மானிக்க வேண்டும். உறைக்குள் தனியாக வைத்தது ‘என்க்ளோஸ்ட்’. கடிதத்தோடு குண்டூசியாலோ ஸ்டேப்ளராலோ டேக்காலோ சேர்த்தது ‘அட்டாச்ட்’. ஆவணத்தின் ஈற்றில் அதன் உறுப்பாகவே சேர்த்தது ‘அப்பெண்டட்’. முதன்மை ஆவணத்தைச் சார்ந்து, தனி அடையாளக் குறியோடு சேர்த்தது ‘அனெக்ஸ்ட்’. அஞ்சலில் ஒரு காசோலையை உறைக்குள் வைத்துவிட்டு ‘அட்டாச்ட்’ என்று எழுதினால், உறையைப் பிரிப்பவர் கடிதத்தின் பின்பக்கத்தைப் பார்த்துவிட்டு உறையைக் குப்பையில் போட்டுவிடலாம்.

மின்னஞ்சலில் உறை இல்லை. ஆகவே அங்கே ‘அட்டாச்ட்’ பொருந்துகிறது. ஆனால் இன்னொரு வேறுபாடு அங்கே புதிதாக முளைத்திருக்கிறது: கோப்பையே அனுப்புவதும், கோப்பு இருக்கும் இடத்துக்கு லிங்க் அனுப்புவதும் ஒன்றல்ல. ஜிமெயிலில் 25 எம்பிக்கு மேற்பட்ட கோப்பை இணைக்க முயன்றால் அது கூகுள் டிரைவில் ஏற்றப்பட்டு லிங்க்காகவே போகிறது. அனுப்பிய கோப்பு பெறுபவரிடம் அப்படியே தங்கும். லிங்க்குக்குப் பின்னால் உள்ள கோப்பை அனுப்பியவர் மறுநாள் திருத்தலாம், நீக்கலாம், அனுமதியை மூடலாம். ஒப்பந்த வரைவு, மதிப்பெண் பட்டியல், கணக்கறிக்கை போன்றவற்றில் இந்த வேறுபாடு பெரிது. லிங்க்கை அனுப்பிவிட்டு ‘அட்டாச்ட்’ என்று எழுதுவதை நான் நடைக்குறையாக எண்ணவில்லை. உண்மைக்கு மாறான கூற்றாகவே எண்ணுகிறேன்.

6. மின்னஞ்சல் இத்தொடரை என்ன செய்தது

மின்னஞ்சல் தொடக்கத்தில் வெறும் எழுத்துகளை மட்டுமே சுமந்தது. 1982இல் வகுக்கப்பட்ட அஞ்சல் நெறிமுறை ஏழு பிட் எழுத்துக் குறிகளுக்கானது. படத்தையோ நிரலையோ அனுப்ப வேண்டுமானால் அதை எழுத்துகளாக உருமாற்ற வேண்டும். அதற்கான ‘யூயூஎன்கோட்’ என்ற நிரலை மேரி ஆன் ஹார்ட்டன் 1980இல் எழுதினார். இன்று நாம் அறிந்த இணைப்பு முறையை நத்தானியேல் போரன்ஸ்டைனும் நெட் ஃப்ரீடும் ‘மைம்’ என்ற தரத்தின் வழியாகத் தந்தார்கள். 1992 மார்ச் 11இல் போரன்ஸ்டைன் தாம் பாடும் நால்வர் குழுவின் படத்தையும் பாடலையும் இணைத்து அனுப்பிய அஞ்சல் இவ்வகையில் முதலாவது. பின்னர் வந்த ஒரு நெறிமுறை, அஞ்சலின் ஒவ்வொரு பகுதியும் உடலிலேயே காட்டப்பட வேண்டியதா, தனி இணைப்பாக நிற்க வேண்டியதா என்று தலைக்குறிப்பில் எழுத வழிசெய்தது. கோப்பின் பெயருக்கும் அதில் இடம் உண்டு.

இதன் விளைவைக் கவனிக்க வேண்டும். இணைப்பு இருக்கிறது என்ற செய்தியை இப்போது எந்திரமே சொல்லிவிடுகிறது. திரையில் கோப்பின் பெயரும் அளவும் தெரிகின்றன. ‘இணைப்பு உண்டு’ என்று மட்டும் சொல்லும் வாக்கியத்துக்கு வேலை குறைந்துவிட்டது. எந்திரத்தால் சொல்ல முடியாததைச் சொல்வதே இன்று எழுதுபவரின் வேலை: இது எதற்கு, எந்தப் பதிப்பு, எந்தப் பக்கம் முக்கியம், எந்த நாளுக்குள் பதில் வேண்டும்.

அதே சமயம் இத்தொடருக்குப் புதிய பயன் ஒன்றும் வந்திருக்கிறது. ஜிமெயில் 2008இல் சோதனை வசதியாக ஒன்றை அறிமுகப்படுத்தியது. இணைத்திருக்கிறேன் என்ற பொருள் தரும் ஆங்கிலச் சொற்கள் கடிதத்தில் இருந்து, கோப்பு இல்லாவிட்டால், அனுப்புமுன் அது எச்சரிக்கும். தண்டர்பேர்ட் போன்ற நிரல்களிலும் இவ்வசதி உண்டு. தண்டர்பேர்டில் எந்தெந்தச் சொற்களைக் கண்டால் நினைவூட்ட வேண்டும் என்ற பட்டியலைப் பயன்படுத்துபவரே மாற்றிக்கொள்ளலாம். வாக்கியம் மனிதருக்கு மட்டுமன்றி எந்திரத்துக்கும் உறுதிமொழியாகிவிட்டது. ‘பி.எஃப்.ஏ.’ என்ற சுருக்கத்தைவிட முழுச் சொல்லை எழுதுவது நல்லது என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

இன்னொரு சிக்கல் இதைவிடக் கூர்மையானது. ஓர் அஞ்சலுக்குப் பதில் எழுதும்போது பழைய கடிதத்தின் வாசகம் கீழே தொடரும். இணைத்த கோப்புகள் பொதுவாகத் தொடர்வதில்லை. ‘ப்ளீஸ் ஃபைண்ட் அட்டாச்ட்’ என்ற வரி நாலைந்து பதில்களுக்குப் பின்னும் அப்படியே இருக்கும். கோப்பு எப்போதோ விடுபட்டிருக்கும். நடுவில் சேர்க்கப்பட்ட ஒருவர் அந்த வரியைப் படித்து எந்தக் கோப்பு என்று தேடுவார். வாக்கியத்திலேயே ஆவணத்தின் பெயரும் நாளும் இருந்தால், கோப்பு இல்லாத போதும் எது விடுபட்டது என்று தெரியும், கேட்டுப் பெறலாம்.

7. ஒரு நல்ல வாய்பாடு: நீதிமன்ற வழக்கு

வாய்பாடு என்பதாலேயே ஒரு தொடர் கெட்டது ஆகிவிடுமா? ஆகாது என்பதற்கு இந்திய நீதிமன்ற மனுக்களே சான்று. உச்ச நீதிமன்றத்தில் தாக்கலாகும் சிறப்பு அனுமதி மனுக்களில் ஒவ்வோர் ஆவணமும் இப்படிக் குறிக்கப்படும்: இன்ன நாளிட்ட இன்ன உத்தரவின் உண்மை நகல் இணைக்கப்பட்டு ‘அனெக்ஷர் பி-1’ எனக் குறியிடப்பட்டுள்ளது, இத்தனையாம் பக்கம் முதல் இத்தனையாம் பக்கம் வரை. மனுவுக்கு மனு இது மாறுவதில்லை. நடைநயம் என்று எதுவும் இதில் கிடையாது. ஆனால் ஆவணத்தின் வகை, நாள், அது மூலமா நகலா என்ற விவரம், அடையாளக் குறி, பக்க எண் ஆகிய ஐந்தையும் இந்த ஒரே வாக்கியம் தாங்கி நிற்கிறது. வாதத்தின்போது நீதிபதியும் இரு தரப்பு வழக்கறிஞர்களும் ஒரே நொடியில் ஒரே பக்கத்துக்குப் போக முடிவது இதனால்தான். 1908ஆம் ஆண்டின் உரிமையியல் நடைமுறைச் சட்டமும், வாதி தாம் ஆதாரமாகக் கொள்ளும் ஆவணங்களைப் பட்டியலிட்டு வழக்குரையோடு தாக்கல் செய்ய வேண்டும் என்றே சொல்கிறது.

சரியாகச் சுட்டாத இணைப்பு என்ன ஆகும் என்பதற்கு இங்கிலாந்தில் 1902இல் தீர்ப்பான ஸ்மார்ட் வழக்கு எடுத்துக்காட்டு. தம் உடைமைகளில் சிலவற்றை யார் யாருக்குத் தர வேண்டும் என்பது தம் உயிலோடு காணப்படும் குறிப்பேட்டில் இருக்கும் என்று ஒரு பெண்மணி உயிலில் எழுதியிருந்தார். குறிப்பேட்டை அவர் எழுதியது உயிலுக்குப் பின்னர். நீதிமன்றம் அந்தக் குறிப்பேட்டை உயிலின் பகுதியாக ஏற்க மறுத்தது. சுட்டப்படும் ஆவணம் அப்போதே இருப்பதாக உயிலின் வாசகம் காட்ட வேண்டும், ஆவணம் ஐயமின்றி அடையாளம் காணப்பட வேண்டும் என்பது அவ்வழக்கு வலியுறுத்திய நெறி. இனி எழுதப்போவதைச் சுட்டியிருந்த வாசகம் அவர் விருப்பத்தைக் காக்கவில்லை.

அன்றாடக் கடிதம் உயில் அன்று. ஆயினும் இணைப்பைச் சுட்டும் வாக்கியம் செய்ய வேண்டிய வேலை இரண்டிலும் ஒன்றே: சொல்லுக்கும் பொருளுக்கும் இடையே ஐயத்துக்கு இடமில்லாத உறவை நாட்டுவது. நீதிமன்ற வாய்பாடு அதைச் செய்கிறது. வெறும் ‘ப்ளீஸ் ஃபைண்ட் அட்டாச்ட்’ அதைச் செய்வதில்லை.

8. தமிழ்க் கடிதத்தில்

1956ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டத்துக்குப் பின் தமிழ்நாட்டு அலுவலகங்களில் வளர்ந்த கடித வடிவம் இவ்வகையில் நல்ல அமைப்பைக் கொண்டது. ‘பொருள்’ என்ற வரி கடிதம் எதைப் பற்றியது என்கிறது; ‘பார்வை’ என்ற வரி முந்தைய கடிதங்களை எண்ணும் நாளுமாகச் சுட்டுகிறது; கையொப்பத்துக்கு அருகே வரும் ‘இணைப்பு’ என்ற வரி கூடப் போகும் தாள்களைப் பட்டியலிடுகிறது. இந்த மூன்று வரிகளும் ஒழுங்காக நிரப்பப்பட்டால் கடிதத்தின் உடலில் ‘இத்துடன் இணைத்துள்ளேன்’ என்ற ஒரு சொற்றொடரே போதும்.

நடைமுறையில் இரண்டு தளர்ச்சிகள் வந்திருக்கின்றன. ‘இணைப்பு: மேற்கண்டவாறு’ என்று எழுதிப் பட்டியலைத் தவிர்ப்பது ஒன்று. மேலே எங்கும் பட்டியல் இல்லாத கடிதங்களிலும் இது வருகிறது. ‘இத்துடன் இணைத்து அனுப்பி வைக்கப்படுகிறது’ என்ற செயப்பாட்டு வினை இன்னொன்று. இணைத்தவர் யார், சரிபார்த்தவர் யார் என்பது இதில் மறைகிறது. முதியோர் உதவித்தொகைக்கோ பட்டா மாறுதலுக்கோ விண்ணப்பித்த ஒருவரின் சான்று கட்டிலிருந்து விடுபட்டுவிட்டால், அவர் கொடுத்தாரா இல்லையா என்பதற்குக் கடிதத்தில் தடயமே இருக்காது. அவர் மறுபடியும் வரிசையில் நிற்க வேண்டும், மறுபடியும் நகல் எடுக்க வேண்டும், ஒரு நாள் கூலியை இழக்க வேண்டும். ‘இணைப்பு: 1. குடும்ப அட்டை நகல் (1 தாள்), 2. வருமானச் சான்று, மூலம் (1 தாள்)’ என்று எழுதியிருந்தால், தபால் பிரிவில் பெற்றுக்கொண்ட அந்த நிமிடத்திலேயே குறைவு தெரிந்திருக்கும். இணைப்பு வரியின் தரம் எளிய மக்களுக்கு வாழ்க்கைப் பிரச்சினை.

ஆங்கில வாய்பாட்டைத் தமிழுக்குள் கொண்டுவரும் முயற்சிகளும் நடக்கின்றன. ‘தயவுசெய்து இணைக்கப்பட்டதைக் கண்டுபிடிக்கவும்’ என்பது மொழிபெயர்ப்பு எந்திரங்கள் தரும் வாக்கியம். தமிழில் இதற்குத் தேவையே இல்லை. ‘இணைப்பில் காண்க’ என்பது நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது.

9. தீர்ப்பு

மூன்று கருத்துகளுக்கும் விடை இப்போது தெளிவு. ‘ப்ளீஸ் ஃபைண்ட் அட்டாச்ட்’ இலக்கணப் பிழை அன்று. அது இந்தியர் புனைந்ததும் அன்று. ஆங்கில வணிக உலகின் பழைய தொடர். அதை எழுதினால்தான் மரியாதை என்பதற்கும் ஆதாரம் இல்லை. விரும்புகிறவர்கள் தயக்கமின்றி எழுதலாம். விரும்பாதவர்கள் ‘ஐ ஹாவ் அட்டாச்ட்’ என்று நேராக எழுதலாம். மாணவர்களை இவ்விரண்டில் ஒன்றைச் சொல்லிப் பயமுறுத்துவதை ஆசிரியர்களும் பயிற்சி மையங்களும் விட்டுவிட வேண்டும்.

கற்பிக்க வேண்டியது வேறு. எந்த மொழியில் எழுதினாலும் இணைப்பைச் சுட்டும் வாக்கியம் நான்கு கேள்விகளுக்கு விடை சொல்ல வேண்டும்: என்ன ஆவணம், எந்த நாளுடையது, எத்தனை பக்கம் அல்லது எத்தனை கோப்பு, பெறுபவர் என்ன செய்ய வேண்டும். கோப்புக்கு அதன் உள்ளடக்கம் தெரியும்படி பெயர் வைக்க வேண்டும். லிங்க்கை லிங்க் என்றும் இணைப்பை இணைப்பு என்றும் சொல்ல வேண்டும். கோப்பை முதலில் இணைத்து, திறந்து பார்த்து, அதன் பிறகே அந்த வாக்கியத்தை எழுத வேண்டும். அப்போது வாக்கியம் எண்ணத்தைச் சொல்லாமல் நடந்ததைச் சொல்லும்.

கடிதம் எழுதக் கற்றுத்தரும் ஒவ்வோர் ஆசிரியரையும், கடிதத்தில் கையொப்பமிடும் ஒவ்வோர் அலுவலரையும் நான் கேட்டுக்கொள்வது இது: தொடரைத் திருத்தும் முன் பட்டியலைத் திருத்துங்கள். பட்டியல் முழுமையாக இருந்தால் எந்தத் தொடரும் சரியாகவே அமையும்.